நாய்க்கு மாசக்கணக்கா பேதி, எடை குறைஞ்சுட்டே போகுது, இன்னும் என்னன்னு தெரியல. ரிசல்ட் வர்ற வரைக்கும் எப்படி பாத்துக்கிறது?

நெல்லைப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டு செம்பி பத்திதான் கேக்கணும். நாட்டு நாய், பொட்டை, 4 வயசு, கருத்தடை ஆபரேஷன் பண்ணியாச்சு. குட்டியில ரோட்டோரம் கிடந்தவள எடுத்துட்டு வந்து வளக்கோம், இதுவரைக்கும் உடம்புக்குன்னு படுத்ததே கிடையாது. ஆடி மாசக் கடைசியில வயித்தால போக ஆரம்பிச்சுது, ஏதோ வெளிய தின்னுருப்பான்னு நினைச்சோம், டாக்டர் மெட்ரோனிடசோல்னு கிருமியக் கொல்லுத மாத்திரை குடுத்தாங்க நின்னுட்டு, மாத்திரை முடிஞ்ச கொஞ்ச நாள்ல திரும்ப ஆரம்பிச்சுட்டு. அப்புறம் அதே கதைதான், மாத்திரை குடுத்தா நிக்குது, நிப்பாட்டுனா வருது.

இப்ப எப்படி இருக்கான்னா, ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவைதான் போறா ஆனா ஒவ்வொரு தடவையும் அளவு ரொம்ப ஜாஸ்தி, தண்ணியாவும் இல்லாம கெட்டியாவும் இல்லாம கூழ் மாதிரி. ரத்தம் இல்ல. சில நாள் விடியக்காலம் மஞ்ச நுரையா வாந்தி எடுக்கா. வயித்துக்குள்ள கடமுடன்னு சத்தம் அடுத்த ரூம்ல இருந்தாலே கேக்குது. 19 கிலோ இருந்தவ இப்ப 15.5 கிலோ, முதுகெலும்பு கைக்குத் தட்டுது. ஒரு நாள் தட்டை வழிச்சு நக்குறா, மறுநாள் மோந்து பாத்துட்டு போயிருதா.

மலம் டெஸ்ட்ல புழு இல்லைன்னு வந்துச்சு. ரத்தத்துல ஆல்புமின்ங்கற புரதம் கொஞ்சம் கம்மி, 2.4. உண்ணிக் காய்ச்சல் கிட் டெஸ்ட் நெகட்டிவ். ஸ்கேன்ல குடல் சுவர் லேசா தடிச்சிருக்குன்னு சொன்னாங்க. இப்ப பி12க்கும் கணையத்துக்கும் ரத்தம் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பிருக்காங்க, அது வர நாளாகும்னுட்டாங்க. அதுலயும் தெரியலைன்னா குழாய்ல கேமரா விட்டு குடலைப் பாக்குற எண்டோஸ்கோப்பி பண்ணணும்னு டாக்டர் சொன்னதுல இருந்து எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல, கேன்சரா இருக்குமோன்னு மனசு அங்கயேதான் போகுது.

வீட்ல ஆளுக்கொண்ணு சொல்லுதாங்க. அம்மா பூண்டு அரைச்சு குடுக்கலாம்ங்கா, பக்கத்து வீட்டு ஆச்சி வேப்பங்கொழுந்துங்காங்க, கடைக்காரர் ஈரல் வேகவச்சு குடு உடம்பு தேறும்ங்காரு. நாங்க சைவம், அவளுக்கு மட்டும் கோழி வாங்கி தனி சட்டியில வேகவச்சு சோத்துல பிசைஞ்சு குடுப்போம், சின்னதுல இருந்து அதான் அவ சாப்பாடு. இந்த காத்திருக்க நாள்ல என்ன குடுக்க, என்ன குடுக்கக்கூடாது, எதைப் பாத்தா உடனே தூக்கிட்டு ஓடணும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கோவை_ஷெப்பர்டு:

வணக்கங்க. படிக்கவே சங்கடமா இருக்குதுங்க, இதே மாதிரி ஒரு வருசம் நாங்களும் கெடந்தோம். எங்களுது ஜெர்மன் ஷெப்பர்டு, தட்டு தட்டா தின்னும் எலும்பும் தோலுமா ஆயிட்டான், மலம் வெளுத்த களிமண்ணு கணக்கா எண்ணெய்ப்பசையோட குவியல் குவியலா போகும், அவன் போனதையே அவன் திங்கப் போவான். கடைசியில கணையத்துல இருந்து செரிமானத்துக்கு வர்ற என்சைமே சுரக்கலைன்னு தெரிஞ்சுது, ஈபிஐன்னு சொல்வாங்க. கணையத்துல கிட்டத்தட்ட 90 சதவீதம் வேலை செய்யாம போனதுக்கு அப்புறம்தான் வெளியவே காட்டுமாம், ஷெப்பர்டு ஜாதிக்கு இது பரம்பரையா வர்றதுங்க. உங்களுக்கு இப்ப அனுப்பியிருக்கறது டிஎல்ஐன்னு ரத்தத்துல கணைய என்சைம் அளவு பாக்கற டெஸ்ட்டா இருந்தா அதுல 2.5க்கு கீழ வந்தாத்தான் ஈபிஐ. வெறும் வயித்துல எடுக்கணும், சாப்பாடு குடுத்துட்டு எடுத்திருந்தா டாக்டர்கிட்ட சொல்லிருங்க. ஆனா உங்க செம்பி சில நாள் சாப்பிடவே மாட்டேங்குதுன்னு சொல்றீங்க, ஈபிஐ நாய் பொதுவா பசி பசின்னு அலையும், அதனால எனக்கு அது மேல சந்தேகம் கம்மிதான்.

காத்திருக்கற நாள்ல நான் சொல்ற ஒரே விசயம் ஒரு நோட்டுப் போடுங்க. தேதி, என்ன சாப்பிட்டா எவ்வளவு சாப்பிட்டா, எத்தனை தடவை போனா, மலம் எப்படி, வாந்தியில என்ன இருந்துச்சு, என்ன மாத்திரை. மலத்தை போன்ல போட்டோ எடுங்க, கூச்சப்படாதீங்க, நாம வாயில சொல்றத விட அந்தப் படத்தைப் பாத்துதான் எங்க டாக்டர் இது சிறுகுடல் பிரச்சனைன்னு கண்டுபிடிச்சாரு. அளவு ஜாஸ்தியா கொஞ்ச தடவை போயி எடை குறைஞ்சா சிறுகுடல், கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி முக்கி சளியோடயோ சிவப்பு ரத்தத்தோடயோ போனா பெருங்குடல், பெரும்பாலும் அப்படித்தான் பிரிப்பாங்க. நீங்க எழுதுனத வச்சு பாத்தா சிறுகுடல் மாதிரித்தான் தெரியுது. வாரம் ஒரு தடவை ஒரே மெஷின்ல எடை பாருங்க, அவள தூக்கிட்டு நின்னு பாத்துட்டு உங்க எடைய கழிச்சுக்கோங்க.

அப்புறம் ஒரே நேரத்துல ரெண்டு மாத்தம் பண்ணவே பண்ணாதீங்க. புது சாப்பாடு, புது மருந்து, புது பவுடர்னு எல்லாத்தையும் ஒண்ணா ஆரம்பிச்சா நல்லானாலும் எதுனாலன்னு தெரியாது, மோசமானாலும் எதுனாலன்னு தெரியாது.

மீனா_தாம்பரம்:

என் லேப்ரடார்க்கு மோர் சாதமும் பரங்கிக்காயும் குடுத்து சரியாச்சு, ட்ரை பண்ணிப் பாருங்க சிஸ்டர். எண்ணெய் மசாலா எதுவும் வேணாம். புழு மாத்திரை இன்னொரு தடவை போடலாமான்னும் டாக்டர்கிட்ட கேளுங்க.

கால்நடை_டாக்டர்_திருச்சி:

நான் கால்நடை மருத்துவர், சின்ன பிராணிகள்தான் பாக்கறேன். உங்க நாய கையால தொட்டுப் பாக்காம நோய் பேர் சொல்ல மாட்டேன், ஆனா நீங்க கேட்ட கேள்விக்கு பதில் சொல்லலாம்.

முதல்ல, மூணு வாரத்துக்கு மேல நீடிச்சா அது சாதாரண வயித்துப்போக்கு இல்ல, நாள்பட்ட குடல் நோய்ன்னு எடுத்துக்கிட்டு ஒவ்வொண்ணா கழிச்சுட்டே வரணும். அதான் இவ்வளவு நாள் ஆகுது, உங்க டாக்டர் போற வழி சரியாத்தான் இருக்கு. மீனா மேடம் சொன்ன புழு விஷயம் நியாயமானது. ஜியார்டியான்னு ஒரு ஒட்டுண்ணி தினமும் மலத்துல வராது, ஒரு தடவை பாத்து இல்லைன்னு வந்தா முழுசா நம்ப முடியாது, வேற வேற நாள்ல மூணு சாம்பிள் குடுக்கறது நல்லது. இன்னொண்ணு கார்டிசால், அட்ரீனல் சுரப்பியில சுரக்கற ஹார்மோன். அட்ரீனல் சுரப்பி சரியா வேலை செய்யாத அடிசன் நோய் சில நாய்கள்ல வாந்தி, பேதி, எடை குறைவு மட்டும் காட்டிட்டு உப்புச்சத்து எல்லாம் நார்மலா இருக்கும். ரத்தத்துல கார்டிசால் 2க்கு மேல இருந்தா அது அனேகமா இல்லைன்னு தள்ளிடலாம், இல்லைன்னா அடுத்த டெஸ்ட். பாத்தாச்சான்னு கேளுங்க. உண்ணிக் காய்ச்சல் கிட் நெகட்டிவ்னு வந்தாலும் பிளேட்லெட் குறைஞ்சிருந்தா டாக்டர் திரும்ப யோசிப்பார், நம்ம ஊர்ல அது அவ்வளவு சகஜம்.

ஆல்புமின் 2.4ங்கறத கவனிச்சுட்டே இருக்கணும். குடல் வழியா புரதம் ஒழுகிப் போகுதுன்னா இது இன்னும் இறங்கும், 2க்கு கீழ போனா வயித்துல நீர் கோக்கறது, ரத்தம் கட்டறதுன்னு ஆபத்து ஜாஸ்தி. அதனால ரிசல்ட் வர லேட் ஆச்சுன்னா ஆல்புமின் மட்டுமாவது திரும்ப பாக்கச் சொல்லுங்க.

கேன்சர் பயத்த பத்தி மழுப்பாம சொல்றேன். குடல் தடிச்சிருக்கறதுக்கு அழற்சியும் காரணமா இருக்கலாம், லிம்போமாங்கற கேன்சரும் காரணமா இருக்கலாம், ஸ்கேன் படத்த மட்டும் பாத்து ரெண்டையும் பிரிக்க முடியாது, சதை எடுத்துப் பாத்தாத்தான் (பயாப்சி) தெரியும். ஆனா 4 வயசு நாய்க்கு, லேசான தடிப்புக்கு, சாப்பாடு ஒத்துக்காததும் அழற்சியும்தான் நாங்க அதிகமா பாக்கறது. இதுல ஒரு முக்கியமான விஷயம், யாராவது அவசரப்பட்டு பிரெட்னிசோலோன்ங்கற ஸ்டீராய்டு ஆரம்பிக்கலாம்னு சொன்னா பயாப்சிக்கு முன்னாடி குடுக்கலாமான்னு கேட்டுட்டு ஆரம்பிங்க. ஸ்டீராய்டு போட்டா நாய் நல்லா தெரியும், அப்புறம் சதை எடுத்துப் பாத்தா உண்மையான நோய் மறைஞ்சு போகலாம். மெட்ரோனிடசோலையும் நீங்களா கடையில வாங்கி திரும்பத் திரும்ப குடுக்காதீங்க, குடல்ல இருக்கற நல்ல கிருமியும் அழிஞ்சு போயிடும்.

பூண்டு வேண்டவே வேண்டாம், வெங்காயமும்தான், ரெண்டும் நாயோட சிவப்பணுவ உடைக்கும். ரத்தசோகை வேற வந்துடும். ஈரல் இப்ப வேண்டாம். நமக்கு போடற பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், பேதி நிக்கற மாத்திரை எதையும் குடுக்காதீங்க.

உடனே தூக்கிட்டு போக வேண்டியது எப்போன்னா: தண்ணி குடிச்சாக்கூட வாந்தியா வருது, மலம் தார் மாதிரி கறுப்பா போகுது, ஈறு வெளுத்துப் போச்சு, வயிறு திடீர்னு உப்புது, எழுந்து நிக்க முடியல, ஒரு நாள் முழுக்க எதையும் தொடல. கழுத்துப் பக்கம் தோல தூக்கி விட்டா சட்டுனு உள்ள போகணும், அப்படியே நின்னா உடம்புல நீர் வத்திடுச்சுன்னு அர்த்தம், ஆனா இப்படி மெலிஞ்ச நாய்ல அது சில நேரம் ஏமாத்தும், அதனால ஈறு ஈரமா இருக்கா பிசுபிசுன்னு இருக்கான்னும் தொட்டுப் பாருங்க. சூடு 101ல இருந்து 102.5 ஃபாரன்ஹீட் வரைக்கும் நாய்க்கு நார்மல், நமக்கு இருக்கற கணக்குல பாத்து பயந்துடாதீங்க.

ராஜி_வேளச்சேரி:

எங்க நாய்ப் பையனுக்கு கடைசி வரைக்கும் பேர் சொல்ற மாதிரி ஒரு நோய் வரலங்க. எல்லா டெஸ்ட்டும் நார்மல், ஒரே ஒரு விஷயம் அவன் அதுவரைக்கும் சாப்பிடாத ஒரு புரதத்துக்கு மாத்துனோம், வேற எதுவுமே வாய்ல போகக் கூடாதுன்னு டாக்டர் கண்டிஷனா சொல்லிட்டாங்க, ரெண்டு வாரம் முடியறதுக்குள்ளயே மலம் கெட்டியாச்சு. இப்ப 9 வயசு, நல்லா இருக்கான். நீங்க பிறந்ததுல இருந்து கோழின்னு எழுதியிருக்கறத பாத்ததும் எனக்கு அதான் தோணுச்சு, டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க.

மஞ்ச நுரைக்கு ஒரு யோசனை, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரு பிடி சாதம் குடுங்க, வயிறு ரொம்ப நேரம் காலியா இருந்தாலும் அது வரும். நாள் முழுக்க வேண்டிய சாப்பாட்ட நாலா பிரிச்சு குடுங்க. அவ சாப்பிடலைன்னா பக்கத்துல உக்காந்து கெஞ்சாதீங்க, நம்ம பதட்டம் அதுங்களுக்கு அப்படியே ஒட்டிக்கும், பத்து பதினஞ்சு நிமிஷம் பாத்துட்டு தட்ட எடுத்துருங்க, அப்புறமா லேசா சுட வச்சு குடுங்க, வாசனை வந்தா சாப்பிடும்.

உங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். ராத்திரி முழிப்பு ஒரே ஆள் தலையில வேண்டாம். எங்க வீட்ல முறை வச்சுக்கிட்டோம், ஒரு ராத்திரி நான், மறுநாள் அவர். படுக்கைக்கு கீழ பழைய ரெயின்கோட் துணிய விரிச்சு மேல பழைய வேஷ்டி போட்டோம், துவைச்சு மாத்தறது சுலபமா இருந்துச்சு. தரைக்கு பினாயில் ஊத்தாதீங்க, அதுல மிதிச்சுட்டு கால நக்கும், சோப்புத்தண்ணி போதும். வீட்டுக்குள்ள போயிட்டா திட்டாதீங்கன்னு சொல்லத் தேவையில்ல, நீங்க எழுதுனதுலயே தெரியுது நீங்க எப்படி பாத்துக்கறீங்கன்னு.

செலவு கையை மீறிப் போனா பெரிய டெஸ்ட்டுக்கு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு போங்க. உங்க ஊர்லயே ராமையன்பட்டியில இருக்கே. நாங்க இங்க வேப்பேரிக்குத்தான் போனோம், கூட்டம் இருக்கும், காலையிலயே போயிடணும், பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் தேதி வாரியா ஃபைல் போட்டு எடுத்துட்டுப் போங்க.

நெல்லைப்பொண்ணு:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்லன்னே தெரியல. பதில் போட லேட்டாயிட்டு, ரிசல்ட் வரட்டும்னு இருந்தேன். கணையம் நார்மல், டிஎல்ஐ நல்லாத்தான் இருக்கு. பி12தான் ரொம்பக் கம்மி. சிறுகுடலோட கடைசிப் பகுதிதான் அதை உறிஞ்சும், அங்க சரியில்லாததாலதான் இப்படின்னு டாக்டர் சொன்னாங்க. வாரம் ஒரு ஊசி ஆரம்பிச்சாச்சு. கார்டிசால் பத்தி கேட்டேன், பாத்தாங்க, 3.6 வந்துச்சு, அதனால அடிசன் இல்லைன்னுட்டாங்க. ஆல்புமின் அதே 2.4, இறங்கல. அதனால எண்டோஸ்கோப்பிக்கு முன்னாடி சாப்பாட்ட மாத்திப் பாக்கலாம்னு முடிவு பண்ணிருக்கு.

ராஜி அக்கா சொன்னதையேதான் டாக்டரும் சொன்னாங்க, கோழிய முழுசா நிப்பாட்டிட்டு மீனும் உருளைக்கிழங்கும். எங்க அம்மா மீனைக் கையால தொட்டதே கிடையாது, நாந்தான் செய்வேன்னு இருந்தேன், அவளே மார்க்கெட்ல போயி விளமீன் கேட்டு வாங்கிட்டு வந்து முள் எடுக்க எதிர்வீட்டு அக்காகிட்ட படிச்சுட்டா. பூண்டு பேச்சே எடுக்கல அதுக்கப்புறம். உப்பு கூட போடாம வேகவைக்கோம். பிஸ்கட், எலும்பு எல்லாம் நிப்பாட்டியாச்சு, தெருவுல யாரும் எதுவும் போட்டுராதீங்கன்னு வீடு வீடா சொல்லியாச்சு. கோவை அண்ணன் சொன்ன நோட்டையும் போட்டாச்சு, டாக்டர் அதைத்தான் முதல்ல வாங்கிப் பாத்தாங்க.

ஆரம்பிச்சு கொஞ்ச நாள்தான் ஆகுது, இன்னும் கூழாத்தான் போறா, ஆனா தட்டுல மிச்சம் வைக்கல. ஒரு சந்தேகம், உண்ணிக்கு மாசம் ஒரு கடிக்கற மாத்திரை குடுப்போம், இந்த வாரம் குடுக்கணும். அது குடுக்கலாமா?

கால்நடை_டாக்டர்_திருச்சி:

கார்டிசால் பாத்தது நல்லதாச்சு. அந்த மாத்திரையில சுவைக்குன்னு மாட்டிறைச்சி, பன்றி, சோயா மாதிரி ஏதாவது சேத்திருப்பாங்க, இப்படி சாப்பாட்ட மாத்திப் பாக்கற டயட் ட்ரையல் நடக்கறப்ப வேண்டாம். அதுக்குப் பதிலா கழுத்துல ஊத்தற சொட்டு மருந்து போதுமான்னு உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு போடுங்க, நம்ம ஊர்ல உண்ணி பாதுகாப்ப மட்டும் விடக்கூடாது. ரெண்டு வாரம் கண்டிப்பா அதே மீன்லயே இருங்க, நடுவுல ஒரு நாள் மோசமானாலும் மாத்தாதீங்க. நல்லா கேட்டுச்சுன்னா அப்புறம் கால்சியம், வைட்டமின் எல்லாம் சேத்து கணக்குப் போட்டுத் தரச் சொல்லணும், வெறும் மீனும் கிழங்கும் மாசக்கணக்குல போதாது. அடுத்த வாரம் எடை பாத்துட்டு இங்க எழுதுங்க.