இத்தாலியின் சார்தீனியா, சிசிலி தீவுகள் பக்கம் சாப்பிட்டதில் மனசை விட்டுப் போகாதது எது?

தனிவழி:
கசு மார்சு என்ற சார்தீனியப் புழுச் சீஸ் பற்றி இங்கே எல்லாருக்கும் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். நூவோரோவை ஒட்டிய மலைக்கிராமம், ஆடு மேய்க்கிறவர் வீடு. பெகோரினோ என்கிற செம்மறிப் பால் சீஸ் கட்டியின் மேல்தோலை வட்டமாக அறுத்து எடுத்தார். உள்ளே கூழாய்க் குழைந்த சீஸ், அதில் நெளியும் வெள்ளைப் புழுக்கள். கரசாவு என்கிற மெல்லிய மொறுமொறு ரொட்டியில் தடவிக் கையில் கொடுத்தார். பக்கத்தில் கன்னோனாவ் ஒயின். நான் வாயருகே கொண்டுபோனதும் சட்டென்று தன் உள்ளங்கையை ரொட்டிக்கு மேல் குடைபோல் கவிழ்த்தார். புழு துள்ளிக் கண்ணில் விழக்கூடாதாம். காரம் நாக்கைப் பிடுங்கியது, அது பரவாயில்லை. அவர் மட்டும் ஒரு வாய்கூடத் தொடவில்லை. ஏன் என்று இன்னும் யோசிக்கிறேன்.

உப்புக்காற்று:
விருந்தாளிக்குத்தான் முதல் துண்டு, இதில் என்ன மர்மம்? நான் சார்தீனியாவின் கப்ராஸில் பொத்தார்கா, அதாவது உப்பிட்டுக் காயவைத்த மீன்சினை, சாப்பிட்டேன், நன்றாக இருந்தது. அதை விடுங்கள். இனி போகிறவர்கள் கவனிக்க: கசு மார்சு விற்பது 1962 முதல் சட்டவிரோதம். பாரம்பரிய உணவுப் பட்டியலில் மாநிலம் சேர்த்திருக்கிறது, ஆனாலும் கடையில் கேட்காதீர்கள். புழு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். செத்திருந்தால் சீஸ் கெட்டுவிட்டது என்பார்கள் ஊர்க்காரர்கள். ஆசை தீர ஃபியோரே சார்தோ சீஸ் வாங்குங்கள், அதுவும் செம்மறிப் பால்தான். பொத்தார்காவை மெல்லிசாகச் சீவி ஆலிவ் எண்ணெய் விடுங்கள். கூட ஒரிஸ்தானோ ஊர் வெர்னாச்சா ஒயின் குடியுங்கள், வேறு எதுவும் சரிவராது.

தனிவழி:
சார், அவர் மனைவியும் மகனும் சாப்பிட்டார்களே!

ரயில்பித்தன்:
சிசிலியின் பலெர்மோ, மண்ணீரல் பன். சாய்த்து வைத்த பாத்திரத்தில் பன்றிக்கொழுப்பு கொதிக்கிறது. மண்ணீரல், நுரையீரல் துண்டுகளைக் கரண்டியால் அழுத்திக் கொழுப்பை வடித்து, எள் தூவிய பன்னில் அடைத்தார் கடைக்காரர். ரிக்கோட்டா சீஸ் போடவா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். பின்னால் நின்ற பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் எலுமிச்சை மூடியை என் பன்னில் பிழிந்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு மண்ணீரல் பிடிக்கவே பிடிக்காது, அதை முழுசாகத் தின்றேன். உப்புக்காற்று அண்ணே, ரோட்டோரத்தில் நின்று தின்கிற ஊருக்கு எந்த ஒயின் சரி என்று சட்டம் போடாதீர்கள்.

கேப்பர்செடி:
வெர்னாச்சா விஷயத்தில் நானும் உப்புக்காற்றோடு மோதுவேன், அது தனியாகவே நிற்கும். பீப்பாயை நிரப்பாமல் விட்டு, மேலே ஈஸ்ட் ஆடை படியவைத்து ஆண்டுக்கணக்கில் முதிர்த்தது.

நான் எழுத வந்தது பன்த்தெல்லேரியா தீவு. சிசிலிக்கும் துனிசியாவுக்கும் நடுவே, எந்நேரமும் காற்று. அதனால் திராட்சையைக் குழிக்குள் நட்டுக் குட்டையாகவே வளர்க்கிறார்கள். 2014-ல் யுனெஸ்கோ அங்கீகரித்த முறை அது. பறிக்கிறவர்கள் மண்டியிட்டுத்தான் பறிக்க வேண்டும். ஓர் அம்மா வெயிலில் காயும் சிபிப்போ திராட்சைக் குலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார், ஒரு பழத்தைப் பாவாடையில் துடைத்து நீட்டினார். பாதி காய்ந்த பழம், சுடச்சுட, அத்தனை இனிப்பு. சாயங்காலம் விடுதியில் பாசித்தோ, அதாவது காய்ந்த திராட்சையில் செய்த இனிப்பு ஒயின், ஊற்றிக் கொடுத்தார்கள். அந்த ஒரு பழத்துக்கு முன்னால் அது நிற்கவில்லை.

உப்புக்காற்று:
பாசித்தோவைக் குளிர வைத்துக் கொடுத்தார்களா? ஜில்லென்று இருந்தால் மணமே வராது. அடுத்த முறை கொஞ்சம் நேரம் வெளியே வைத்துவிட்டுக் குடியுங்கள். அந்த ஊர்க் கேப்பர் மொட்டையும் வாங்குங்கள், ஆனால் உப்பில் போட்டதாக இருக்கட்டும், வினிகரில் ஊறியது வேண்டாம். சமைக்கும் முன் தண்ணீரில் அலசவும்.