ஸ்டீயரிங் இறுக்கமும் முன்பக்கச் சத்தமும்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

என் காரில் முதலில் வந்தது சத்தம்தான். நிறுத்துமிடத்தில் மெதுவாக வண்டியைத் திருப்பும்போது முன்பக்கத்தில் 'டொய்ங்' என்று, கம்பியை இழுத்து விட்டதுபோல. இரண்டு வாரத்தில் ஸ்டீயரிங்கும் கனத்தது. என்னைப் பயமுறுத்தியது இன்னொன்று. வளைவு முடிந்த பிறகும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரவில்லை. நானே இழுத்து நேராக்க வேண்டியிருந்தது.

ஒர்க்‌ஷாப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ரேக் போயிடுச்சு, மாத்திடலாம்" என்றார்கள். ஸ்டீயரிங்கைச் சுற்றும்போது முன் சக்கரங்களைத் திருப்பிவிடும் பல்சட்டம்தான் ரேக். அதை மாற்றுவது சின்னச் செலவு இல்லை. சத்தம் எதனால் என்று கேட்டேன், பதில் இல்லை. ஒரு நாள் டைம் கேட்டு வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

எளிதானதிலிருந்து ஆரம்பித்தேன். டயரில் காற்று சரியாக இருந்தது. காற்று குறைந்தாலே ஸ்டீயரிங் கனக்கும், அதைப் பார்க்காமல் வேறு எதையும் தொடாதீர்கள். பவர் ஸ்டீயரிங் ஆயில் மட்டம் சரி, பெல்ட் தளரவில்லை, பம்ப் முனகவில்லை. அப்புறம் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, இன்ஜினை அணைத்தேன். சாவியால் லாக்கை மட்டும் விடுவித்து, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கையால் சுற்றினேன். எங்கும் பிடிக்கவில்லை. ரேக் இறுகியிருந்தால் இப்போதும் இறுகத்தானே வேண்டும்? சக்கரம் தரையில் நிற்கும்போது மட்டும் இறுகுகிறது என்றால், வண்டியின் பாரத்தைத் தாங்குகிற ஏதோ ஒன்றைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்று தோன்றியது.

வண்டியை இறக்கி, நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் போட்டு இன்ஜினை ஓடவிட்டேன். தம்பி ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்ப, நான் முன் ஸ்பிரிங்கின் வெளிப்பக்கம் உள்ளங்கையை வைத்தேன். சுருள்களுக்கு இடையே விரல் போகவே கூடாது. வலப்பக்க ஸ்பிரிங் சீராகத் திரும்பியது. இடப்பக்கத்தில் முறுக்கிக்கொண்டே போய், திடீரென்று துள்ளி விடுபட்டது. அதே 'டொய்ங்', என் கைக்கு அடியிலேயே.

ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங் சுற்றியிருக்கும் ஷாக் அப்சார்பர் தூண்) தலையில் இருக்கும் மவுண்ட் பேரிங்தான் காரணம். சக்கரம் திரும்பும்போது ஸ்ட்ரட்டும் ஸ்பிரிங்கும் கூடவே திரும்ப அதுதான் வழிவிட வேண்டும். அது துருப்பிடித்து நின்றுவிட்டதால் ஸ்பிரிங்கில் முறுக்கு ஏறியது. கையில் கனமாகத் தெரிந்ததும், ஸ்டீயரிங்கை நேருக்கு வரவிடாமல் பிடித்ததும் அந்த முறுக்குதான். இரண்டு பக்கமும் பேரிங்கையும் மவுண்டையும் மாற்றி வீல் அலைன்மென்ட் செய்ததும் மூன்று தொல்லையும் ஒன்றாகப் போயின. இந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். கம்ப்ரஸர் போட்டு ஸ்பிரிங்கை அடக்காமல் நடு நட்டைக் கழற்றினால், தெறிக்கிற வேகத்தில் உயிரே போகலாம்.

* * *

என் வண்டியில் இறுக்கம் வேறு மாதிரி. ஸ்டீயரிங்கை ஒரு முழுச் சுற்று சுற்றினால் இரண்டு இடத்தில் கனக்கும், நடுவில் லேசாகிவிடும். ஆயில் மாற்றியும் பலனில்லை. ஸ்டீயரிங் ஷாஃப்ட் ரேக்கோடு சேரும் இடத்தில் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட் (சாய்வாகச் சேரும் தண்டுகளை இணைக்கும் மூட்டு) தண்ணீர் பட்டுத் துருவேறி, ஒரு பக்கம் மடங்காமல் நின்றிருந்தது. சுற்றுக்கு இரண்டு முறை என்று சீராக வந்தால் முதலில் அந்த ஜாயின்டைப் பாருங்கள்.

* * *

எனக்கு ஸ்டீயரிங்கில் குறை இல்லை, சத்தம் மட்டும்தான். மெதுவாகப் போகும்போது சின்னச் சின்னக் குழிகளில் 'டொக் டொக்'. ஆனால் வேகத்தடையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் சத்தமே வராது! ஷாக் அப்சார்பர் மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், சத்தம் அப்படியே இருந்தது. அந்த வித்தியாசத்தை யோசித்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும். ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போதுதான் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படுகிறது, அப்போதுதான் அதன் நுனியைச் சக்கரப் பக்கத்தோடு சேர்க்கும் லிங்க் ராடு இழுபடுகிறது. மெக்கானிக் இரண்டு லிங்க் ராடையும் கழற்றி நுனிகளைக் கட்டிவைத்து, அதே தெருவில் மெதுவாக ஓட்டிக் காட்டினார். சத்தம் இல்லை. புது லிங்க் ராடு போட்டு எட்டு மாதம் ஆகிறது, அந்த டொக் டொக் திரும்ப வரவில்லை.