பழைய கம்ப்யூட்டர் பொட்டியில சிபியூ (ப்ராசஸர்) 100% வேலை செய்யுதுன்னு பார்த்து ஏமாந்த கதை இருந்தா சொல்லுங்க

கொலுசுக்கடை98:
2003. சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கடை. விண்டோஸ் 98, அதுக்குள்ள டாஸ்ங்கிற பழைய சிஸ்டத்துக்கு எழுதின பில்லிங் ப்ரோக்ராம். "தம்பி, பொட்டி கொதிக்குது, வந்து பாரு"ன்னார் முதலாளி. சிஸ்டம் மானிட்டரைத் திறந்தா ப்ராசஸர் யூசேஜ் உச்சியில ஒட்டிக்கிட்டு இறங்கவே மாட்டேங்குது. கணக்குப்பிள்ளையோ கீபோர்டைத் தொடவே இல்லைங்க. ஒரு ஜோடி கொலுசைத் தராசுல போட்டுட்டு, நம்பர் நிக்கட்டும்னு குனிஞ்சு பார்த்துட்டு இருந்தார். அந்தக் காட்சி இன்னும் கண்ணுலயே நிக்குது. "ப்ராசஸர் தேஞ்சுபோச்சுங்க"ன்னு சொல்லி புதுசு வாங்க வச்சுட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது: டாஸ் ப்ரோக்ராம் சும்மா நிக்கும்போதும் "கீ அமுக்கினியா, அமுக்கினியா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். விண்டோஸ் அதையும் வேலைன்னு கணக்குல ஏத்திடும். அந்த ப்ரோக்ராமோட ப்ராபர்ட்டீஸ்ல ஐடில் சென்சிட்டிவிட்டின்னு ஒரு ஸ்லைடர், சும்மா நிக்கிற ப்ரோக்ராமை விண்டோஸ் எவ்வளவு சீக்கிரம் ஒதுக்கி வைக்கணும்னு சொல்றது. அதை வலது பக்கம் தள்ளிப் பார்த்திருக்கலாம். இப்பவும் அந்தத் தெருவுல வண்டியை நிறுத்த மாட்டேன்.

மூடுபனி_ஏற்காடு:
பெரியப்பா காப்பி எஸ்டேட்ல ரைட்டர், அதாவது கணக்கு எழுதுறவர். 486 ப்ராசஸர் பொட்டி, ஃபாக்ஸ்ப்ரோங்கிற டேட்டாபேஸ் ப்ரோக்ராம்ல கூலிப் பட்டியல். பொட்டி என்ன பண்ணுதுன்னு காட்ட அவருக்கு மீட்டரே பக்கத்துல இருந்த ரேடியோதான், பொட்டியோட இரைச்சல் அதுல கேக்கும். மீடியம் வேவ்ல ஸ்டேஷன் இல்லாத இடமா முள்ளை வைப்பார். பொட்டி கீக்குக் காத்திருந்தா ஒரே சீரா ரீங்காரம், பட்டியலை வரிசைப்படுத்த இண்டெக்ஸ் போட்டா கிர்ர் கிர்ருனு சத்தம் மாறும். ஒரு சனிக்கிழமை, வெளியில பனியில ஆளுங்க கம்பளியைப் போத்திக்கிட்டு கூலிக்கு நிக்கிறாங்க. பெரியப்பா கண்ணை மூடிக் கேட்டுட்டு, "முடிஞ்சுதுடா, பிரிண்டரைப் போடு"ன்னார். முடியலை. ஹேங் ஆகியிருக்கு. அதுவும் சீரான ரீங்காரம்தான், ஆனா கொஞ்சம் தாழ்ந்த சுதி. அவர் முகம் போன போக்கு இருக்கே!

டாஸ்தாத்தா:
ரேடியோவெல்லாம் அளவுகோலா தம்பி? வெள்ளிக்கடைத் தம்பி, ப்ராசஸர் தேயாதுப்பா, அது என்ன செருப்பா? டாஸ்ல சதவீதம்னே ஒண்ணு கிடையாது, எப்பவும் ஏதோ ஒரு கட்டளை ஓடிக்கிட்டேதான் இருக்கும். அளக்கணும்னா எண்ணணும். டைமர் செகண்டுக்கு 18.2 தடவை தட்டும். ரெண்டு தட்டுக்கு நடுவுல வெறும் லூப் எத்தனை சுத்து சுத்துதுன்னு முதல்ல எண்ணி வச்சுக்கோ. 10,000 வந்துச்சுன்னு வையி. வேலையைக் குடுத்துட்டு, மிச்ச நேரத்துல மட்டும் அதே லூப்பை ஓட்டு. 2,500தான் வந்தா 75% பிஸி. சூடு வேற சமாச்சாரம். விண்டோஸ் 95 சும்மா இருக்கையில ஹெச்எல்டிங்கிற, ப்ராசஸரை நிறுத்தி ஓய்வு குடுக்கிற கட்டளையைப் போடாது, விண்டோஸ் என்டி போடும். அதுக்குத்தான் ரெயின், வாட்டர்ஃபால்னு குட்டி ப்ரோக்ராமெல்லாம் வந்துச்சு. அப்புறம், பழைய போர்டு யார்கிட்ட இருந்தாலும் அந்த நீல பேட்டரியை இன்னிக்கே கழட்டிடுங்க, ஒழுகி போர்டுல இருக்கிற செம்புக் கோட்டையெல்லாம் அரிச்சுடும். ஃபேனுக்கு ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விடுங்க. என் கதையா? அம்மாப்பேட்டை தறிக்கணக்கு மிஷின், பாதி வேகத்துல ஓடுது, ரெண்டு நாள் தேடினேன். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டர்போ பட்டனை யாரோ அமுக்கி வச்சிருந்தாங்க.

பச்சைத்திரை:
மாமா துபாய்ல இருந்து கொண்டாந்த ஸ்பெக்ட்ரம், டிவியில மாட்டுற குட்டி கம்ப்யூட்டர். கேம் கணக்குப் போடத் தொடங்கும்போது திரையோட ஓரத்தை (பார்டர்) சிவப்பாக்கு, முடிஞ்சதும் கறுப்பாக்கு. டிவி மேலிருந்து கீழா வரையுதில்லையா, டிவி ஓரத்துல சிவப்புப் பட்டை எவ்வளவு அகலமோ, அவ்வளவு சிபியூ. கேம்ல ஓடுற பூச்சி பொம்மை இன்னொண்ணைச் சேர்த்தேன், சிவப்பு அடி வரைக்கும் இறங்கிடுச்சு. பூச்சியை எடுத்துட்டேன். அது இன்னிக்கும் உறுத்துது.

மூடுபனி_ஏற்காடு:
தாத்தா, கூலி நாளன்னிக்கு லூப் எண்ணச் சொல்றீங்களே!

கொலுசுக்கடை98:
அந்தப் பழைய பொட்டி இன்னும் முதலாளி வீட்டுப் பரண்ல இருக்காம். போய் ஸ்லைடரைத் தள்ளிப் பார்க்கணும். என்ன சொல்லிக் கேக்கறதுன்னுதான் தெரியலை.