மகளுக்கு ஓலை, மகனுக்குக் கொசுவலை

ரிட்டயர்டு டீச்சர், மெஞ்ஞானபுரம் பக்கம்:

பிள்ளையை மிஷனெரி ஊழியத்துக்கு அனுப்பிய வீடுகளில் அந்தக் கடைசிக் கோடை எப்படிப் போனது என்று ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் வீட்டில் மூச்சு விட நேரமில்லாமல் போனது.

மகன் மெக்கானிக்கல் படித்து, ஸ்ரீபெரும்புதூரில் ஒன்றரை வருஷம் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு ஆறு மாதம் மிஷனெரிப் பயிற்சிக்குப் போனான். ஏப்ரல் முதல் வாரம் வீட்டுக்கு வந்தான். ஜூன் இரண்டாம் வாரம் ஜார்க்கண்டில் சாகிப்கஞ்ச் மாவட்டத்துக்குக் கிளம்ப வேண்டும். நடுவில், மே கடைசியில், மகளுக்குக் கல்யாணம். வெள்ளையடிப்பு, பத்திரிகை, புடவை எல்லாம் ஒரு பக்கம். அவனுக்குத் தடுப்பூசி, பல் டாக்டர், சான்றிதழ் நகல்கள் இன்னொரு பக்கம். சாப்பாட்டு மேஜையில் பந்திக் கணக்கு எழுதின நோட்டின் பின்பக்கத்தில்தான் அவன் பெட்டியில் வைக்க வேண்டியதை எழுதினேன். ஒரு நாள் சமையல்காரரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டேன். "டார்ச் லைட்டு ரெண்டு, ரப்பர் செருப்பு ஒண்ணு... இது என்ன விருந்து டீச்சர்?" என்றார்.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு. ஆராதனையில் ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், மகளுக்கு இரண்டாம் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்தார். அடுத்த அறிவிப்பிலேயே, நம்முடைய சபையிலிருந்து புறப்படுகிற தம்பிக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று மகன் பேரைச் சொன்னார். பின்னால் இருந்த ஓர் அம்மா என் தோளைத் தட்டி, "ரெண்டையும் ஒண்ணா அனுப்பிட்டு என்ன செய்யப் போறிய?" என்றார். பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடுகிற மாதிரிப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்துக்கு இது புதுசில்லை. 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். முதல் பணித்தளம் தெலுங்கு நாட்டில் தோர்னக்கல். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அங்கே போனார், 1912இல் அங்கேயே பிஷப்பும் ஆனார். விழா மேடையில் இதைக் கேட்கும்போதெல்லாம் நானும் பெருமையாகத்தான் உட்கார்ந்திருப்பேன். போகிறது அடுத்த வீட்டுப் பிள்ளையாக இருக்கும்வரை பெருமைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்களில் பாதிப் பேர் பெண்ணை வாழ்த்தியதைவிட அவனுக்குப் புத்தி சொன்னதுதான் அதிகம். என் அண்ணன், "சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்தா போதாதா மருமகனே, ஆளையே கொடுக்கணுமா?" என்றார். இன்னொருவர் மண்டப வாசலிலேயே ஒரு நர்ஸ் பெண்ணின் போட்டோவைக் காட்டினார். அவன் எல்லோருக்கும் "சரி மாமா, சரி சித்தப்பா" என்று சொல்லிக்கொண்டே சாம்பார் வாளியோடு பந்திக்குள் போய்விட்டான். அந்த மண்டபத்தில் பயிற்சி எடுத்த ஆள் போல வேலை செய்தவன் அவன் ஒருவன்தான்.

எதிர்வீட்டு ஆச்சி மட்டும் புத்தி சொல்லவில்லை. அந்தக் காலத்து வழக்கப்படி உலை வைக்கும்போதெல்லாம் மிஷனுக்கென்று ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைப்பார். ஐம்பது வருஷத்துக்கு மேல் போடுகிறார். அவனைக் கூப்பிட்டு, கன்னத்தைத் தடவி, "நான் போட்ட அரிசியத் தின்னப் போற ஆள இப்பத்தாம்ல பாக்கேன்" என்றார். அவன் சிரித்தான். ராத்திரி மொட்டை மாடியில் வெகுநேரம் தனியாக நின்றுகொண்டிருந்தான்.

எனக்கு இருந்த கவலை வேறு. அவன் போகிற ராஜமகால் மலைப் பக்கம் காலா அசார் உள்ள இடம். மண்சுவர் வெடிப்பிலும் மாட்டுத் தொழுவத்திலும் இருக்கிற மணல் ஈ கடித்து வருகிற காய்ச்சல், மண்ணீரல் வீங்கிவிடும். வைத்தியம் பார்க்காவிட்டால் ஆள் தேறுவது கஷ்டம். அந்த மலைகளில் காய்ச்சலில் இறந்த தமிழ் மிஷனெரிகள் உண்டு. இப்போது ஒரே நாளில் மருந்து ஏற்றி முடிக்கிற சிகிச்சை வந்துவிட்டது என்று அவன் சொன்னான். அதைக் கேட்டும் எனக்குத் தூக்கம் வரவில்லை. மணல் ஈ கொசுவைவிடப் பொடிசு, சாதாரண வலையின் துளையில் நுழைந்துவிடும் என்று படித்திருந்தேன்.

கல்யாணப் புடவை எடுக்கத் திருநெல்வேலி போன அன்று, முகூர்த்தப் பட்டை நாத்தனாரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு நெருக்கமான வலைத் துணி தேடி அலைந்தேன். நாலாவது கடையில் கிடைத்தது. "இதுக்குள்ள காத்தே வராதேம்மா, யாருக்கு?" என்றார் கடைக்காரர். என் தையல் மிஷினிலேயே தைத்தேன். மெத்தைக்கு அடியில் செருக அரை முழம் கூடுதலாக விட்டேன். அவன் பழக வேண்டும் என்று மே மாதத்து வெயிலில் அதற்குள் படுத்தான். காலையில் வெளியே வந்தபோது குளத்தில் விழுந்து எழுந்தவன் மாதிரி இருந்தான். "அம்மா, மணல் ஈயும் உள்ள வராது, உயிரோட நானும் வெளிய வரமாட்டேன்" என்றான்.

அவன் அப்பா இந்த விஷயத்தில் பேசவே இல்லை, நல்லதாகவும் இல்லை கெட்டதாகவும் இல்லை. சென்னையிலிருந்து ஹவுரா மெயிலில் டிக்கெட் போட்டுக் கொடுத்தார். சைக்கிள் பஞ்சர் ஒட்டச் சொல்லிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனசில்லை. அங்கே மலையில் இருக்கிறவர்கள் பேசுவது மால்டோ. நம் மொழிக்குத் தூரத்துச் சொந்தம். இங்கே இடையன்குடியில் உட்கார்ந்து எழுதிய கால்டுவெல்லே அதைத் திராவிடக் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார். பல்லுக்கு 'பலு', கண்ணுக்கு ஏறத்தாழ 'கனு'. அடுக்களையில் எனக்குத் தேங்காய் துருவிக்கொண்டே அந்த வார்த்தைகளை மனப்பாடம் செய்வான். முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான், அவனிடம் பத்து வார்த்தை கற்றுக்கொண்டேன்.

*

அமெரிக்காவில் யூட்டாவில் இருக்கும் சென்னைக்காரி:

டீச்சரம்மா, உங்கள் பல் டாக்டர் வரியைப் படித்ததும் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஞாபகம் வந்துவிட்டான். இங்கே மார்மன் என்ற சபைக் குடும்பங்களில் பையன்கள் பதினெட்டு வயதுக்குமேல் இரண்டு வருஷம் மிஷன் போவார்கள். எந்த நாடு என்பதைச் சபைதான் தீர்மானிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பெரு வந்தது. அந்தக் கோடையில் அவர்கள் வீட்டு வாசலில் கார் நிற்காத நாளில்லை. கோட்டு இரண்டு, வெள்ளைச் சட்டை ஒரு டஜன், தடுப்பூசி, அப்புறம் கடைவாய் ஞானப்பல். போகிற இடத்தில் வலி வந்தால் கஷ்டம் என்று முன்னாடியே பிடுங்கிவிடுவது இங்கே சாதாரணம். இரண்டு கன்னமும் பன் மாதிரி வீங்கி மூன்று நாள் கிடந்தான். நான் தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து கொடுத்தனுப்பினேன். அடுத்த நாள் அவன் தம்பி காலி டப்பாவோடு வந்து நின்றான், இன்னும் இருக்கிறதா என்று.

அவன் அம்மா சொன்னார்: அவர் தம்பி மிஷன் போன காலத்தில் வருஷத்துக்கு இரண்டே போன்தான், கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று. 2019இலிருந்துதான் வாரம் ஒருமுறை பேச விடுகிறார்கள். "என் அம்மா எப்படித் தாங்கினார் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்" என்றார். எனக்கு ஏனோ எங்கள் அம்மாவுக்கு உடனே போன் போடவேண்டும்போல் இருந்தது. இந்தியாவில் அப்போது நடுராத்திரி.

*

கடற்கரைத் தங்கச்சி, திருச்செந்தூருக்குத் தெற்கே:

நாங்கள் ஆர்.சி., ரோமன் கத்தோலிக்கர். மிஷனெரியான புனித சவேரியார் 1542இல் வந்த கடற்கரை. எங்கள் தம்பி பிளஸ் டூ முடித்த வருஷம், பாதிரியார் ஆவதற்குக் குருமடம் போனான். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம் அல்லவா, வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் அப்போது மீனவர்களுக்கு லீவு என்று நினைப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த 61 நாள்தான் இடுப்பு ஒடியும். போட்டைக் கரையேற்றி பெயின்ட் அடிக்கணும், இன்ஜினைப் பிரிக்கணும், வலை பொத்தணும். அந்த வருஷம் தம்பிதான் முழு வலையையும் பொத்தினான். அப்பா ஒரு தடவைகூட போகாதே என்று சொல்லவில்லை. அவன் போட்ட முடிச்சை மட்டும் தினமும் சாயங்காலம் இழுத்து இழுத்துப் பார்ப்பார். தடை முடிந்து முதல் தடவை கடலுக்குப் போன அன்று போட்டில் ஓர் ஆள் குறைவு. வெளியாள் ஒருவரைக் கூலிக்கு வைத்துக்கொண்டோம். தம்பி இப்போது இறையியல் படிக்கிறான். லீவுக்கு வந்தால் முதலில் வலையைத்தான் எடுப்பான். விரல் மரத்துப்போச்சு என்பான்.

*

வேலூர் நர்ஸ்:

டீச்சர், அந்த வலைத் துணி அளவு சொல்ல முடியுமா? என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் பீகாருக்குப் போகிறார்கள்.

*

ரிட்டயர்டு டீச்சர், மெஞ்ஞானபுரம் பக்கம்:

சாதாரணமாகக் கடையில் கிடைப்பது சதுர அங்குலத்துக்கு 156 துளை. அதைவிட நெருக்கமானது வேண்டும் என்று கேளுங்கள். துணியை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து வாங்குங்கள். பருத்தி வேண்டாம், காய லேட்டாகும். ஓரத்துக்குக் கெட்டித் துணிப்பட்டை வைத்துத் தையுங்கள், இல்லாவிட்டால் செருகிச் செருகிக் கிழிந்துவிடும்.

நான் இரண்டு தைத்தேன். ஒன்று அவனோடு போயிற்று. இன்னொன்று கிழிந்தால் மாற்றுக்கு இருக்கட்டும் என்று அலமாரியில் வைத்திருந்தேன். அவன் கிளம்பின வாரமே அவன் அப்பா அதை எடுத்து அவன் கட்டிலில் கட்டிவிட்டார். அதற்குள்தான் படுக்கிறார். நம்ம ஊரில் அந்த நோயும் இல்லை, அவ்வளவு நெருக்கமான வலையும் தேவையில்லை. வேர்க்கலையா என்று கேட்டேன். "பழகுது" என்றார்.