குழந்தை உரிமை உடன்படிக்கையால் நடைமுறையில் என்ன பயன்?

இளந்தளிர் (கேள்வி):
வணக்கம். ஐ.நா. பொதுச்சபை 1989 நவம்பர் 20 அன்று நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையில் 196 தரப்புகள் இணைந்துள்ளன. ஐ.நா. உறுப்பு நாடுகளில் அமெரிக்கா மட்டும் 1995இல் கையெழுத்திட்டதோடு, அதை உறுதிசெய்து இணையாமல் நின்றுவிட்டது. இத்தனை நாடுகள் ஒப்புக்கொண்ட பிறகும், ஐ.எல்.ஓ.வும் (பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு) யுனிசெஃபும் (ஐ.நா. குழந்தைகள் நிதியம்) வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2024இல் ஏறத்தாழ 13.8 கோடிக் குழந்தைத் தொழிலாளர்கள் இருந்தனர். மீறும் அரசைத் தண்டிக்க வழியில்லாத இந்த ஆவணம் ஏட்டுச் சுரைக்காய்தானா?

நெடுவழி:
தண்டிக்கும் அதிகாரம் இல்லைதான். கேள்வி கேட்கும் அதிகாரம் உண்டு. இணைந்த நாடு ஒவ்வொன்றும் 2 ஆண்டுகளுக்குள் முதல் அறிக்கையையும், பின்னர் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடர் அறிக்கைகளையும் 18 வல்லுநர்கள் கொண்ட குழுவிடம் அளிக்க வேண்டும். ஜெனீவாவில் நடக்கும் அமர்வில், அந்நாட்டுத் தொண்டு நிறுவனங்கள் முன்னரே அனுப்பிவைத்த மாற்று அறிக்கைகளைப் படித்துவிட்டு வரும் உறுப்பினர்கள், அரசுப் பிரதிநிதிகளைத் துருவித் துருவிக் கேட்பார்கள். 2014இல் நடைமுறைக்கு வந்த மூன்றாவது விருப்ப நெறிமுறையின்படி (நாடுகள் விரும்பினால் தனியே ஏற்கும் துணை ஒப்பந்தம்), உள்நாட்டில் நீதி கிடைக்காத குழந்தையே அக்குழுவிடம் முறையிடலாம். ஆனால் அதை ஏற்ற நாடுகள் 196இல் பாதிகூட இல்லை. என் பார்வையில் உண்மையான ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

கார்முகில்:
நண்பர் சொல்வதை ஏற்கிறேன். எனினும் அதற்கும் முந்தைய படி ஒன்று உண்டு. உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு, பிறந்தவுடன் பதிவு செய்யப்படுவதைக் குழந்தையின் உரிமையாக்குகிறது. யுனிசெஃபின் 2024 அறிக்கையின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் சுமார் 15 கோடிப் பேருக்குப் பிறப்புப் பதிவே இல்லை. தொழிற்சாலைக்கு வரும் ஆய்வாளரிடம் முதலாளி, "இந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது" என்று சொன்னால், அதை மறுக்க அச்சிறுமியிடம் ஒரு துண்டுத் தாளும் இருக்காது. கட்டாயத் திருமணம், படையில் சேர்ப்பு, பெரியவர்களுக்கான சிறை என எதிலும் இதே கதைதான். தாமதக் கட்டணத்தை நீக்குவதும், தந்தை வராவிட்டாலும் தாயே பதிவு செய்யலாம் என்று சட்டத்தைத் திருத்துவதும் பெரும் செலவில்லாத வேலைகள். அரசுகள் அவற்றையே தள்ளிப்போடுவதுதான் வியப்பு.

இளந்தளிர்:
நன்றி. பிறப்புச் சான்றிதழ் பசியை ஆற்றாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டு வருமானம் உறுதிப்படாமல் பிள்ளை பள்ளியில் நிலைக்காது. இருப்பினும் 2000இல் 24.6 கோடியாக இருந்த குழந்தைத் தொழிலாளர் எண்ணிக்கை இவ்வளவு குறைந்திருப்பதால், என் கேள்வியின் கடுமையைச் சற்றுத் தளர்த்திக்கொள்கிறேன். ஒரு நாட்டுக்கு அக்குழு வழங்கிய பரிந்துரைகளை எங்கே படிக்கலாம்?

நெடுவழி:
ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் நாடுவாரியாகத் தேடலாம். முந்தைய சுற்றின் பரிந்துரைகளையும் சேர்த்துப் படியுங்கள். ஒரே பரிந்துரை மீண்டும் வந்திருந்தால், அரசு எதைக் கிடப்பில் போட்டது என்பது தெரிந்துவிடும்.