ஜெர்மனியில் எம்எஸ்: 8.0 சிஜிபிஏ, இரண்டு அரியர். எதைப் பார்த்து எடுக்கிறார்கள்?

கரூர் ட்ரிபிள்ஈ:
அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். மூன்றாம் செமஸ்டரில் இரண்டு அரியர் விழுந்தது, அடுத்த முறையே எழுதி முடித்துவிட்டேன். கன்ட்ரோல், ஆட்டோமேஷன் பக்கம் எம்எஸ் படிக்க ஆசை. கன்சல்டன்சியில் "அரியர் இருந்தால் கஷ்டம்" என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து அப்பா சரியாகப் பேசுவதில்லை. உண்மையில் அங்கே எதைப் பார்ப்பார்கள்?

மெயின் நதிக்கரை:
தங்கச்சி, முதலில் தேர்ச்சிக்குக் குறைந்தபட்ச கிரேடு பாயின்ட் எவ்வளவு என்று பாருங்கள். ஜெர்மன் மதிப்பெண்ணாக மாற்ற, 10 இலிருந்து உங்கள் 8 ஐக் கழித்து, 10க்கும் தேர்ச்சிப் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3 ஆல் பெருக்கி, 1 கூட்டுவார்கள். தேர்ச்சி 5 என்றால் 2.2 வரும், 6 என்றால் 2.5. அங்கே 1.0 தான் மிகச் சிறந்தது, எண் கூடக் கூட மதிப்பு குறையும். 2.5க்கு மேல் போனால் எடுக்காத படிப்புகள் உண்டு, அதனால் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் என்னைக் கவிழ்த்தது மதிப்பெண் இல்லை, பாடப்பொருத்தம். முதல் வருடம் வந்த நிராகரிப்புக் கடிதத்தில் 'கணிதத்தில் கிரெடிட் போதாது' என்று இருந்தது. நான்கு செமஸ்டர் கணக்கு படித்தவன் நான்! டிபிடிஇ (டிரான்ஸ்ஃபார்ம்ஸ், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் பற்றிய கணக்குப் பாடம்) என்றால் நமக்குத் தெரியும், அங்கே விண்ணப்பத்தைப் படித்துப் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? நான் பாடப்பெயரை மட்டும் எழுதி அனுப்பியிருந்தேன். மறு வருடம் ஒவ்வொரு பாடத்துக்கும் யூனிட் வாரியாக என்ன படித்தேன், எத்தனை மணி நேரம் என்று எழுதினேன். அதே மதிப்பெண்ணுக்கு இடம் கிடைத்தது.

எனக்கும் ஓர் அரியர் உண்டு. அதைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை.

வடபழனி:
ஏபிஎஸ் சான்றிதழை (நம் கல்விச் சான்றுகளை ஜெர்மன் தரப்பு சரிபார்த்துத் தருவது) மறந்துவிடாதீர்கள். நவம்பர் 2022 முதல் நம் மாணவர்களுக்கு விசாவுக்கே அது வேண்டும், பல இடங்களில் விண்ணப்பத்தோடும் கேட்கிறார்கள். குளிர்கால செமஸ்டருக்குச் சில பல்கலைக்கழகங்கள் விண்ணப்பம் வாங்குவதை மார்ச்சிலேயே முடித்துவிடும்.

கரூர் ட்ரிபிள்ஈ:
பார்த்துவிட்டேன் அண்ணா, தேர்ச்சிப் புள்ளி 5 தான். அப்பாவுக்கு 2.2 கணக்கைப் போட்டுக் காட்டினேன், பேப்பரை வாங்கி அவரே ஒருமுறை போட்டுப் பார்த்தார். லேப் மணி நேரத்தையும் சேர்க்கலாமா?

மெயின் நதிக்கரை:
கட்டாயம் சேருங்கள். அங்கே ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு, வீட்டில் உட்கார்ந்து படித்ததும் அதில் அடக்கம். கன்ட்ரோல் சிஸ்டம்ஸில் தொடங்குங்கள், எழுதியதும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.