லைட் பாக்ஸ் வேலை செய்கிறது, ஆனால் 4 மணிக்கே விழிப்பு: நேரத்தைக் குறைப்பதா, தள்ளிவைப்பதா?

இடம் நோர்வேயின் ட்ரோம்சோ. நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடு வரை இங்கே சூரியன் தலைகாட்டாது. 10 மணி நேரம் தூங்கியும் அசதி, இனிப்பு மேல் தீராத ஆசை, எதிலும் ஒட்டாத மனசு; இது மூன்றாவது குளிர்காலம். பருவகால மனச்சோர்வு என்று மருத்துவர் உறுதி செய்துவிட்டார். கண் பரிசோதனை சரி, இருமுனைக் கோளாறு இல்லை.

இதற்கான ஒளி சிகிச்சைக்கு வைத்திருக்கும் விளக்கு (லைட் பாக்ஸ்): 30×20 செ.மீ எல்இடி பலகை, வெள்ளை ஒளி, புற ஊதா கிடையாது. பெட்டியில் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) என்று கொட்டை எழுத்து, "15 செ.மீ தூரத்தில்" என்பது பொடி எழுத்து. மூக்கு இடிக்கிற தூரத்தில் யார் காலைச் சாப்பாடு சாப்பிடுவது? லக்ஸ் மீட்டர் வைத்துப் பார்த்தால் 25 செ.மீட்டரில் சுமார் 5,000, 50 செ.மீட்டரில் வெறும் 1,500.

முதல் வாரம் 50 செ.மீ, காலை 7 மணி, 30 நிமிடம்: ஒரு மாற்றமும் இல்லை. 1,500 லக்ஸுக்கு 30 நிமிடம் போதாதுதான்.

இரண்டாம் வாரம் அதே தூரத்தில் மாலை 6 முதல் 8 வரை: இரவு 1 மணி வரை தூக்கம் வரவில்லை. உடல் கடிகாரம் பின்னால் போய்விட்டது, உடனே நிறுத்தினேன்.

மூன்றாம் வாரம் 25 செ.மீ, காலை 6 மணி, 60 நிமிடம், முகத்துக்குச் சற்றுப் பக்கவாட்டில். ஐந்தாம் நாளே மனசு லேசானது, இனிப்பு ஆசையும் குறைந்தது. ஆனால் இப்போது அதிகாலை 4 மணிக்கே விழிப்பு, பிறகு தூக்கமே இல்லை.

இதே சிக்கலைச் சரிசெய்தவர்கள் முதலில் எதை மாற்றினீர்கள்: 60 நிமிடத்தை 40 ஆக்கினீர்களா, அல்லது 6 மணியை 7:30க்குத் தள்ளினீர்களா?